மெட்டுப் போட்டால்தான் காது திறக்கும்: காரைக்குடிப் பக்கத்து இசை வகுப்பிலிருந்து

சின்ன வயதிலிருந்தே பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் எங்கள் செட்டிநாட்டு ஊர்களில் நிறைய உண்டு. இரண்டு வர்ணம், நாலைந்து கீர்த்தனை, கொலுவுக்கு ஒன்றிரண்டு அம்மன் பாட்டு என்று தடங்கல் இல்லாமல் பாடுவார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, முன்பின் கேட்டிராத ஓர் இசைத்துணுக்கை இரண்டு நிமிஷம் போட்டுவிட்டு, "இதுல என்னம்மா நடக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாருக்கு மிஸ்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கொஞ்சம் வற்புறுத்தினால் "சோகமா இருக்கு" என்று வரும். குரல் பழகியிருக்கும், காது பழகியிருக்காது.

நான் வீணை படித்தவள். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பத்தாம் வகுப்புக்கு நிகரான சர்வதேசத் தேர்வான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் இசை எடுக்கிறேன். அந்தப் பாடத்தின் எடை மூன்றாகப் பிரிகிறது: கேட்டலுக்கு 40 விழுக்காடு, பாடுவது அல்லது வாசிப்பதற்கு 30, சொந்தமாக இசை அமைப்பதற்கு 30. சி.பி.எஸ்.இ.யில் கர்நாடக இசை எடுத்தால் எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைக்கு 70 என்று பாடுவதன் பக்கமே தராசு சாயும். அதனால் இந்தப் பாடத்திட்டத்தை முதலில் பார்க்கும் பெற்றோருக்கு ஒரு திகைப்பு வருவது நியாயம்தான். பிள்ளை இத்தனை வருஷம் கற்ற பாட்டு மூன்றில் ஒரு பங்குக்குக்கூட வராது. மீதி 70 எங்கிருந்து வரும்?

மூன்றையும் தனித்தனி பாடமாக நடத்தினால் வராது என்பதுதான் என் அனுபவம். வழக்கமாக எல்லாரும் கேட்டலில் தொடங்கி, பாட்டைப் பக்குவப்படுத்தி, இசை அமைப்பதைக் கடைசி வருஷத்துக்குத் தள்ளுவார்கள். நான் முதல் வாரத்திலேயே மெட்டுப் போடச் சொல்லிவிடுகிறேன். தானே ஒரு சுரத்தைத் தேர்ந்தெடுத்து, இன்னொன்றை வேண்டாமென்று ஒதுக்கிய பிள்ளைக்குத்தான், அடுத்தவர் பாட்டில் அதே இடம் வரும்போது காது நிமிர்கிறது.

முதல் பயிற்சி மிகச் சின்னது. மோகனத்தின் ஐந்து சுரங்கள், ச ரி க ப த. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளம் ஒரு முழுச் சுற்று. நிபந்தனை ஒன்றுதான்: ச-வில் முடிக்கக் கூடாது. ரி-யிலோ ப-விலோ நிறுத்த வேண்டும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை அடுத்த ஆவர்த்தனத்தைப் பாடி ச-வுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒருத்தி கேட்கிறாள், இன்னொருத்தி பதில் சொல்கிறாள். அரைமணி நேரம் இப்படிப் போன பிறகு மொஸார்ட் காலத்து மெட்டு ஒன்றைப் போடுவேன். யாரும் சொல்லிக்கொடுக்காமலே "மிஸ், இது கேள்வி, இது பதில்" என்று கை தூக்குகிறார்கள். "சோகமா இருக்கு" என்ற பதில் அன்றைக்கே குறைய ஆரம்பிக்கும்.

"எனக்குச் சொந்தமா எல்லாம் வராது மிஸ்" என்று சொல்லாத பிள்ளை ஒரு தொகுதியிலும் இருந்ததில்லை. அதில் தப்பில்லை. நம் பயிற்சி முறையில் சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று ஏறி, கல்பனா சுரத்துக்கு வரவே வருஷக்கணக்காகும். அதுவரை பெரியவர்கள் செய்து வைத்ததைத் திருத்தமாகத் திருப்பிச் சொல்வதுதான் படிப்பு. அந்த ஒழுங்கை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் அதில் வந்தவள்தான். ஆனால் பதினாலு வயதுப் பிள்ளைக்கு இரண்டே வருஷத்தில் இரண்டு சொந்தப் படைப்புகளைக் கையில் கொடுக்க வேண்டுமென்றால் வேறு வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

அந்த வாசல் வீட்டிலேயே இருக்கிறது. கானாடுகாத்தானிலிருந்து வந்த ஒரு பெண் வாரக்கணக்கில் வெறும் தாளையே காட்டிக்கொண்டிருந்தாள். "உங்க ஆயா தாலாட்டுப் பாடுவாங்களா?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் பாட்டி ஆயா, தாத்தா ஐயா. பாடுவார்கள், அண்ணன் பிள்ளைக்கு இப்போதும் பாடுகிறார்கள் என்றாள். வெவ்வேறு நாளில் பதிவு செய்துகொண்டு வா என்று அனுப்பினேன். வந்த பதிவுகளை வகுப்பில் எல்லாரும் சேர்ந்து கேட்டோம். எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. ஒரு நாள் அம்மான்மார் கொண்டுவரும் சீர் நீளமாக வந்தது, இன்னொரு நாள் கப்பலேறிப் போன ஐயா வந்தார், பிள்ளை சிணுங்கிய இடத்தில் ஒரு வரி கூடுதலாக முளைத்திருந்தது. ஆனால் வரிக்கு வரி இறங்கி வந்து நிற்கும் இடம் மாறவே இல்லை. மெட்டு மொத்தமும் நாலைந்து சுரத்துக்குள் அடங்கிவிட்டது. ஆயா பாட்டு வகுப்புக்குப் போனதில்லை. ஆனால் சட்டத்தை நிலையாக வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை அந்தந்த நேரத்துக்குத் தகுந்தபடி மாற்றுவது அவருக்கு அத்துபடி. பாடத்திட்டம் இசையமைப்பு என்று கேட்பது இதைத்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் நம்பினாள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆயாவின் மெட்டை அப்படியே எடுத்துச் சுரப்படுத்திச் சொந்தப் படைப்பென்று அனுப்பக் கூடாது. படைப்பு மாணவருடையதாகவே இருக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் எடுத்துக்கொண்டது அமைப்பை மட்டும்: வரி முடிவில் ஒரே மாதிரி இறங்குவது, நடுவில் மட்டும் விரிவது. சுரங்கள் வேறு, தாளம் வேறு. அவள் மிஸ்ர சாபுவில், மூன்றும் நாலுமாக ஏழு எண்ணிக்கையில், வயலினுக்கும் குரலுக்கும் எழுதினாள். ஒவ்வொரு வரியும் வந்து நிற்கும் இடத்தில் மட்டும் ஆயாவின் சாயல் இருந்தது.

கும்மியும் அப்படித்தான். முத்துமாரியம்மனுக்கு முளைப்பாரி போடும் நாட்களில் ஒருத்தர் எடுத்துக்கொடுக்க, சுற்றி இருப்பவர்கள் வாங்கிப் பாடுவதைக் கேட்காத பிள்ளை காரைக்குடியில் இல்லை. கேட்டல் தாளில் தனிக்குரலும் கூட்டுக்குரலும் மாறி மாறி வரும் அமைப்பைப் பற்றிக் கேள்வி வந்தால் அவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது அதுதான். வரட்டும். விடையில் எழுதும்போது அதற்குரிய கலைச்சொல்லைப் போட்டுவிட்டால் போதும்.

மிருதங்கம் படித்த தேவகோட்டைப் பையனின் பிரச்சினை வேறு. "எனக்குச் சுரமே தெரியாது, நான் எப்படி மிஸ்?" என்றான். அவனுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நாலு மாத்திரை, ஆக 32. பாதி ஆவர்த்தனம் 16. "ததிகிணதொம்" ஐந்து மாத்திரை, மூன்று தடவை சொன்னால் 15. அப்படியென்றால் ஐந்தாவது எண்ணிக்கையில் ஒரு மாத்திரையை விட்டுவிட்டு ஆரம்பித்தால் மூன்றாவது முடிந்ததும் சரியாக அடுத்த சுற்றின் தொடக்கமான சமத்தில் வந்து விழும். தாளத்தை முடித்துவைக்கும் இந்தத் தீர்மானம் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். "இதையே மூணு பேருக்குப் பிரிச்சுக் கொடு. ஒருத்தன் கஞ்சிரா, ஒருத்தன் கடம், நீ வாயால் சொற்கட்டு. யார் எங்க சும்மா இருக்கணும்ங்கிறதையும் நீயே முடிவு பண்ணு" என்றேன். யார் எப்போது சும்மா இருப்பது என்ற கேள்விதான் அவனை இசையமைப்பாளன் ஆக்கியது. அதுவரை அவன் எப்போதும் வாசித்துக்கொண்டே இருக்கும் பையன். நம்மூர் பெயரைத் தன் பெயரோடு சுமந்த மிருதங்க வித்வான் காரைக்குடி மணி, ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்த பதிவுகளை அவனுக்குப் போட்டுக்காட்டினேன். நம் தாளக் கணக்கை அந்த வாத்தியக்காரர்கள் தங்கள் வாத்தியத்தில் எடுத்துப் பேசுவதைக் கேட்ட பிறகு, சுரம் தெரியாது என்ற புகார் நின்றுபோனது.

கேட்டல் பாகத்துக்கு வருகிறேன். 40 விழுக்காடு என்பதால் இதில்தான் பெற்றோருக்குப் பயம் அதிகம். மேற்கத்திய வாத்தியங்களை நேரில் பார்த்தே இராத பிள்ளைகள் எப்படி அடையாளம் சொல்வார்கள் என்று கேட்கிறார்கள். நம்மூர்க் கல்யாணங்களில் பாதி ஆர்க்கெஸ்ட்ராவைக் கேட்டிருக்கிறார்கள் என்பேன். நாகஸ்வரத்தின் சீவாளி இரட்டை நாணல். ஓபோவும் இரட்டை நாணல் வாத்தியம்தான், குழல் கீழே போகப் போக விரிவதும் இரண்டுக்கும் பொது. ஆகவே அந்த மூக்கடைத்த மாதிரியான, கூர்மையான நாதத்தை அவர்கள் காது ஏற்கெனவே அறியும். கிளாரினெட் ஒற்றை நாணல், அதன் நாதம் வழுவழுப்பு. ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக இசையையே கிளாரினெட்டில் வாசித்திருப்பதால், ராகம் தெரிந்த ஒன்றாகவே இருக்க, வாத்தியத்தின் குரலை மட்டும் கவனிக்க முடிகிறது. டிரம்பெட்டும் அதன் உறவுக்காரர்களும் மாப்பிள்ளை அழைப்பு பேண்டு செட்டில் காது கிழியக் கேட்டவைதான். இப்படித் தெரிந்ததைக் கொண்டு தெரியாததைப் பிடிப்பது சீக்கிரம் வேலை செய்கிறது. வாத்தியப் படங்களை ஒட்டிவைத்து மனப்பாடம் செய்வது வேலை செய்வதில்லை.

வகுப்பில் ஒரே துணுக்கை மூன்று முறை போடுவேன். முதல் முறை பேனாவைத் தொடக் கூடாது, தொடையில் தாளம் மட்டும். அடுத்து, யார் வாசிக்கிறார்கள், யார் நிறுத்தினார்கள். கடைசியில், முன்பு வந்தது எது திரும்பி வந்தது. பல்லவி, அனுபல்லவி, மறுபடி பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்ற வரிசையில் ஊறிய பிள்ளைக்கு, முதல் மெட்டு அடிக்கடி திரும்பி வரும் ரோண்டோ அமைப்பு புரிய ஒரு நாள் போதும். இரண்டும் ஒன்றே என்று எழுதிவிடாதீர்கள் என்றும் சொல்லிவைக்க வேண்டும், ஆர்வத்தில் எழுதிவிடுவார்கள். தாளக்கட்டு இல்லாமல் ஓடும் இசைக்கு விருத்தம் இருக்கிறது. கீழே விடாமல் ஒலிக்கும் ஒற்றைச் சுரத்துக்குத் தம்பூரா இருக்கிறது.

உண்மையான சிரமம் வருவது ஹார்மனியில். ஒரே நேரத்தில் மூன்று சுரம் ஒலிப்பது நம் காதுக்குப் பழக்கமில்லாதது. சங்கராபரணத்தின் சுரங்களே மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேல், நடபைரவியுடையவை நேச்சுரல் மைனர், கீரவாணியுடையவை ஹார்மானிக் மைனர் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். அந்தச் சந்தோஷம் நீளாது. சுரத்தை அசைத்து வளைக்கும் கமகத்தோடு பாடினால் அந்த அட்டவணை உடைந்துவிடும், நேராகப் பாடினால் ராகம் காணாமல் போய்விடும். இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரங்கள். கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்து பேண்டு மெட்டுகளுக்குச் சங்கராபரண சுரங்களில் அவர் சம்ஸ்கிருத சாகித்யம் போட்டார், அதில் ஒன்று இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டு. கமகம் இல்லாமல் பாட வேண்டியவை என்பதால் அவற்றுக்கு அடியில் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, வைத்துப் பார்க்கலாம், எதுவும் கெட்டுப்போகாது.

அதற்கு முன்பே வாயால் கார்டு கட்டிவிடுவது நல்லது. ஒரு மாணவியின் வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், இதைச் செய்தோம். மூன்று குழுவாகத் தூண்களின் அருகே நின்று ஒரு குழு ச, ஒரு குழு க, ஒரு குழு ப. நிலையான பிறகு கையசைத்ததும் ப, நி, ரி என்று மாற வேண்டும், மறுபடி ச, க, ப. ஆத்தங்குடிக் கல் தரையும் வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவரும் உள்ள இடமாதலால் குரல் நின்று முழங்கியது. ப-நி-ரி-யில் நிறுத்தினால் ஏதோ பாக்கி இருப்பது போலவும் ச-க-ப-வுக்கு வந்தால் முடிந்தது போலவும் அவர்கள் உடம்பிலேயே உணர்ந்தார்கள். கேடன்ஸ் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

பாடும் பாகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் இதில் பிள்ளைகளைவிடப் பெற்றோரைத்தான் சமாளிக்க வேண்டும். தனியாக ஒன்று, மற்றவர்களோடு சேர்ந்து ஒன்று என இரண்டு நிகழ்த்திப் பதிவு செய்து அனுப்ப வேண்டும், அதுவும் சில நிமிஷங்கள்தான். அதில் கனமான கீர்த்தனையை நுழைத்துவிடத் துடிப்பார்கள். திணறாமல் பாடக்கூடிய எளிய உருப்படி நல்லது. சேர்ந்து நிகழ்த்துவதில், மாணவரின் பாகம் தனியாகக் காதில் விழ வேண்டும். பாடகரை வயலின் அப்படியே நிழலாகத் தொடர்ந்தால் யார் எதைச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. எல்லாரும் ஒரே வரியை ஒன்றாகப் பாடும் கோஷ்டிகானமும் இதற்கு ஆகாது.

பையன்களின் குரல் உடைவது தனிக் கதை. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் குரல்வளை பெரிதாகி, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. சரியாக இந்தப் படிப்பின் நடுவில் வரும். ஐந்து கட்டையில் பாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வாயைத் திறக்கக் கூசுவான். "தொண்டை சரியில்ல, தேன் கொடுக்கிறோம்" என்று அப்பத்தாமார் சொல்வார்கள். தேன் கொடுக்கலாம், பழைய சுருதியில் பாடச் சொல்லத்தான் கூடாது. சுருதியை இறக்கி, எட்டும் ஐந்தாறு சுரத்துக்குள் மெல்லப் பாடவைத்து, அந்த மாதங்களில் வாத்தியம் ஏதாவது கையில் கொடுத்துவிடுவேன். பதிவை இரண்டாம் வருஷத்துக்கு ஒத்திவைத்தால் பெரும்பாலும் குரல் ஓரிடத்தில் நின்றிருக்கும்.

எழுதும் வேலைக்கு மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருள் போதும். அது வாசித்துக் காட்டுவதை மட்டும் நம்பக் கூடாது. எழுதியதை அது மொட்டையாக வாசிக்கும், பிள்ளை தன் பாட்டு செத்துவிட்டதென்று நினைத்துக்கொள்ளும். கமகத்தைக் கோட்டுச் சுரலிபியில் எப்படிக் காட்டுவது என்று கேட்டவர்களுக்கு, சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட நூலில் ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக்குறி போட்டிருப்பதைக் காட்டினேன். நாமும் நாலைந்து குறிகளை வைத்துக்கொண்டு, அவை எதைக் குறிக்கின்றன என்று முதல் பக்கத்திலேயே விளக்கிவிடலாம். பாடத்திட்டம் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாறும், எழுத்து வடிவம் பற்றிய விதியும் சேர்ந்து மாறலாம். பிள்ளை தேர்வு எழுதும் வருஷத்துக்குரிய பாடத்திட்டத்தைத்தான் பார்க்க வேண்டும், அக்காவின் பழைய தாள்களை அல்ல.

"பாட்டெல்லாம் ஒரு பாடமா மிஸ், பிசிக்ஸ்க்குப் பதிலா இதை எடுத்தா நாளைக்கு என்ன ஆகும்?" என்று கேட்கும் அப்பச்சிமாருக்கு, அதாவது அப்பாக்களுக்கு, என்னிடம் தயாரான பதில் எதுவும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் எனக்கு வேடிக்கையாக இருக்கும். 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அமைத்து அங்கே இசைக்கும் இடம் கொடுத்தவர், 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கியவர், கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்கள் வீணைக்குக் காரைக்குடி பாணி என்றே ஒரு பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். வயலினில் வைத்தியநாதனால் குன்றக்குடிக்குப் பெயர். அவ்வளவும் இந்தச் சுற்றுவட்டாரத்தில். பாட்டு இங்கே எப்போதும் பெருமைக்குரியது, பாடப்புத்தகமாக வந்தால் மட்டும் சந்தேகம்.

ஆனாலும் எல்லாப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள மாட்டேன். நன்றாகப் பாடும், ஆனால் ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்பக் கேட்கப் பொறுமை இல்லாத பிள்ளைக்கு இந்தப் பாடம் தண்டனைதான். சுமாராகப் பாடி, எதைக் கேட்டாலும் "ஏன் இப்படி?" என்று குடையும் பிள்ளை தேறிவிடும்.

கடைசியாக, பதிவு. வளவில் வைத்துப் பதிவு செய்யாதீர்கள். கார்டு பாட உதவிய அதே முழக்கம், மைக்குக்கு முன்னால் சொல்லையும் தாளத்தையும் குழப்பிவிடும். மெத்தை, தலையணை, புடவை அடுக்கிய அலமாரி உள்ள சின்ன அறைதான் நல்ல ஸ்டுடியோ. போனைக் கையில் பிடிக்காமல் ஓர் இடத்தில் நிறுத்தி, ஐந்தாறு அடி தள்ளி நின்று பாடட்டும். வாட்ஸாப் குரல்செய்தியாக அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும். வேவ் கோப்பாகச் சேமித்து, ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் முன்னும் பின்னும் வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். மே, ஜூன் தேர்வு என்றால் ஏப்ரலுக்குள் எல்லாம் கைவசம் இருக்க வேண்டும், ஆகவே மாசி, பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். மாசி, பங்குனியில் காரைக்குடியில் முத்துமாரியம்மன் திருவிழா, தெருவுக்குத் தெரு குழாய் ஒலிபெருக்கி. தைப்பூசத்துக்குப் பாதி வீட்டுக்காரர்கள் பழனிக்கு நடந்துகொண்டிருப்பார்கள். மார்கழியில் விடியற்காலையே கோயில் பாட்டு ஆரம்பித்துவிடும். நாங்கள் கார்த்திகையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் படுத்திருக்கும் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் முடித்துவிடுகிறோம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் இன்னும் விசேஷம், ஃபேன் சத்தமும் இருக்காது.